பதினைந்து பேருக்கு மேல் ஒரு சீட்

சிங்கப்பூர், மலேசியா ஒரு வாரச் சுற்றுலா என்று டிராவல்ஸ்காரர் கொடுத்த தாளில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் கடைவீதியில் அவரவர் இஷ்டம். மற்ற நாட்களுக்குப் பறவைப் பூங்கா, கேபிள் கார், குகைக் கோயில் என்று என்னென்னவோ போட்டிருந்தது. கூட வருவதாக இருந்தவர்கள் அதையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சிரித்தார்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வரியின் மேல் விரலை வைப்பேன். அடிக்கடி தொட்டால் எழுத்து அழிந்துவிடுமோ என்று பயந்து விரலை எடுத்துக்கொள்வேன்.

அந்தக் கடைவீதிக்கு என் தங்கச்சி வருவதாக இருந்தாள்.

அவள் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தாள். சமையல், துணி, குழந்தை எல்லாம் அவள்தான். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு கிளம்பியவள். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. ஊருக்கு எப்போது வருவாய் என்றால், மேடத்தின் குழந்தை நடக்க ஆரம்பிக்கட்டும் என்பாள். அது நடந்து, ஓடி, அடுத்ததும் பிறந்துவிட்டது. அவள் வரவில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அவள் பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு உடம்பு தேறவேயில்லை. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். அவளுக்கு முதலில் வந்த பேச்சு "அக்கா"தான். அம்மாவையும் கொஞ்ச நாள் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் காக்ஸ் டவுனில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ். தங்கச்சிக்கும் நான்தான் தைப்பேன். ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு வெளியே போக அவளுக்குச் சுடிதார் வேண்டும். அவளுடைய அளவுச் சுடிதார் என்னிடம் இருந்தது. அதை வைத்து வெட்டித் தைத்து, யாராவது அங்கே கிளம்பினால் கொடுத்தனுப்புவேன்.

ஒருதடவை போனில் சொன்னாள்: "அக்கா, இந்த வாட்டி கொஞ்சம் புடிச்சித் தையி. போன வாட்டி தெச்சது தொளதொளன்னு இருக்குது."

"எவ்ளோ புடிக்கணும்?"

"எனக்கின்னா தெரியும்? டெய்லரு நீயா நானா?"

டேப் வாங்கி அளந்து சொல் என்றேன். அளந்து சொன்னாள். குறைந்திருந்தது. டேப்பை இறுக்கிப் பிடித்து அளந்துவிட்டாளோ என்று மறுபடி அளக்கச் சொன்னேன். அதே அளவுதான். அடுத்த சுடிதாருக்குக் கேட்டபோது இன்னும் குறைந்திருந்தது.

"சாப்பிடுறியாடி நீ?"

"சாப்பிடாம? மேடம் வூட்டுப் புள்ளைங்க வெக்கிற மிச்சம் பூரா என் வயித்துலதான் போவுது. மாடி ஏறி எறங்கி எளச்சிட்டேன். நீயும் வந்து ஏறு, உனக்கும் நல்லது."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். ராத்திரி டூட்டி முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மழ வந்தா ஷீட்டு ஒழுவுமேன்னு பயப்படுவ. மழ வரலைன்னா போர்ல தண்ணி வத்திடுமேன்னு பயப்படுவ. ஒருத்தி எளச்சா அதுக்கும் ஒரு பயமா? நீ எளைக்க மாட்றியேன்னு நான் பயந்துக்கினு இருக்கிறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வீட்டு ஆட்கள் யார் யார் வெளியே இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். இத்தனை வருஷமாக நான் பயந்தது எதுவுமே நடந்ததில்லை. அதனால் என் பயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தைக்கிறவளுக்கு உடம்பு ஒரு கணக்கு. கல்யாணத்துக்கு இளைக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், துக்கத்தில் இளைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை என்று கை சொல்லியது. வீடியோவில் அவள் முகத்தை மட்டும்தான் காட்டுவாள். அதுவும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்பாள். ஒருமுறை நேரில் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஏதாவது இருந்தால் கையோடு ஊருக்குக் கூட்டி வந்துவிடலாம்.

டிராவல்ஸ் ஆபீஸ் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. அதன் முதலாளி கன்னடக்காரர். அவர் சம்சாரம் என்னிடம்தான் ஜாக்கெட் தைப்பார். சிங்கப்பூர் போய்வர எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்னதும் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஒந்து நிமிஷா உக்காருங்க அக்கா," என்றார்.

"உங்ககிட்ட எவ்ளோ லேடீஸ் தைக்கிறாங்க? பதினைஞ்சு பேரைச் சேர்த்துக் கொடுங்க. அது குரூப். குரூப் லீடருக்கு ஒரு சீட் ஃப்ரீ. இது எல்லா டிராவல்ஸ்லயும் இருக்கிறதுதான்."

பள்ளிக்கூடத்தில் கிளாஸ் லீடராகக்கூட இல்லாதவள் நான். குரூப் லீடரானேன். அளவெடுக்கும்போதும், கொக்கி வைத்துக் கொடுக்கும்போதும் பேச்சுக் கொடுப்பேன். "சிங்கப்பூர் போலாமாக்கா? பொம்பளைங்களா சேர்ந்து?" முதலில் சேர்ந்தவர் பக்கத்துத் தெரு டீச்சர். ரிட்டயர் ஆகித் தனியாக இருக்கிறவர். தொம்மலூரிலிருந்து வரும் ஒரு அம்மா தன் நாத்தனார், ஓரகத்தி எல்லோரையும் சேர்த்துவிட்டார். பள்ளி லீவு விட்டதும் கிளம்புவதாகப் பேச்சு. எனக்கு அங்கே தங்கச்சி இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளைப் பார்க்கத்தான் இத்தனையும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் கெட்டுவிடும் என்று ஒரு பயம்.

பாஸ்போர்ட் வந்தது. எஸ்கலேட்டரில் ஏறப் பயம் என்பதால் வீட்டுக்காரர் என்னை மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏறி இறங்கப் பழக்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏற, பின்னால் காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கம்மா, இவங்க சிங்கப்பூர் போறாங்க," என்றார் அவர், ஏதோ நான் அங்கே மந்திரியாகப் போவதைப் போல.

தங்கச்சியிடம் சொன்ன அன்று அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ரெண்டு மணி நேரந்தானாக்கா?"

"அவ்ளோதான் போட்டிருக்குது."

"போதும் போ. நான் மத்தியானமே வந்து நிப்பேன். அவ்ளோ கூட்டத்துல உன்னக் கண்டுபுடிக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. எவ திருதிருன்னு முழிச்சிக்கினு பையக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிறாளோ, அவதான் எங்கக்கா."

பேக்கரிக் காரக் கடலை வாங்கி வரச் சொன்னாள். அதை அன்றைக்கே வாங்கி வைத்தேன். நான் அவளுக்கு ஒரு சுடிதார் வெட்டினேன். கத்தரிப்பூ நிறக் காட்டன். கழுத்து முடித்து, கை வைத்து, பட்டன் எல்லாம் தைத்துவிட்டேன். பக்கத் தையல் இரண்டையும் மட்டும் போடவில்லை. அங்கே போய் அவள்மேல் வைத்துப் பார்த்து, உண்மையான அளவில் கையாலேயே ஓட்டித் தரலாம் என்று ஊசியும் நூலும் அதோடு சுருட்டி வைத்தேன். விமானத்தில் ஊசியைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று அதற்கும் ஒரு பயம்.

அப்புறம்தான் ஊரடங்கு வந்தது. விமானம், ரயில், பஸ் எதுவும் இல்லை. டிராவல்ஸ் ஷட்டர் மூடியது. என் போன் அடிக்க ஆரம்பித்தது.

"ஏம்மா, நீதான லீடரு? எங்க காசுக்கு என்ன பதில்?"

"கேட்டுச் சொல்றேன்கா."

"யாரைக் கேப்ப? அவன் போனே எடுக்கிறதில்லையாமே?"

அவர் எடுக்காமல் இல்லை. அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. விமானக் கம்பெனி இவருக்குப் பதில் சொல்ல வேண்டும், இவர் எனக்கு, நான் அவர்களுக்கு. கொஞ்சம் தளர்த்திய பிறகு பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். வழி பிறந்துவிட்டது என்றார். ஒன்று, தேதியை மாற்றி அடுத்த வருஷத்துக்குள் எப்போது திறந்தாலும் போகலாம். இல்லையென்றால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். குரூப் புக்கிங் என்பதால் ஆளாளுக்குத் தனியாகக் கேன்சல் செய்ய முடியாது. லீடர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் எல்லோருக்கும் ரீஃபண்ட் கிளம்பும்.

பதினைந்து பேரில் கொஞ்சம் பேர் விலகினாலும் பரவாயில்லை, புதிதாக ஆள் சேர்த்துவிடலாம், தேதி மட்டும் நிற்கட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். தொம்மலூர் அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். ரெண்டு பேரும் மாஸ்க் போட்டிருந்தோம்.

"தேதி மாத்திக்கலாம்கா. எப்படியும் தொறந்துடுவாங்க."

"தப்பா எடுத்துக்காத. இவருக்குப் பாதிச் சம்பளந்தான் வருது. பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும். உசுரோட இருக்கமா, இல்லையான்னு இருக்கு, இதுல சிங்கப்பூரு கேக்குதா?"

அவர் பின்னால் நின்ற நாத்தனார் சொன்னார்: "அவங்களுக்கென்ன அண்ணி, ஃப்ரீ டிக்கெட்டு. போனா லாபம், போவலன்னா நஷ்டமா?"

தொம்மலூர் அம்மா, "சும்மா இரு," என்றார். ஆனால் அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் தங்கச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொன்னால், பணத்தைப் பிடித்து வைக்கக் கட்டிய கதை மாதிரித்தான் இருக்கும். "அதெல்லாம் இல்லக்கா, கையெழுத்துப் போட்டுடறேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் பணம் அவர்கள் சோறு. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

டீச்சர் மட்டும், "என் காசு அங்கயே கெடக்கட்டும். நான் வேற எங்க போகப்போறேன், கல்லறையத் தவிர?" என்றார். அவர் ஒருவரை வைத்துக்கொண்டு குரூப் ஆகாது.

வீட்டில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன். மற்ற எல்லோருடைய பயணத்தையும் ரத்துச் செய்து அவரவர் பணத்தைக் கொடுத்துவிடவும், என் ஒருத்தியின் சீட்டை மட்டும் ரத்துச் செய்யாமல் வைத்திருக்கவும், எனக்குப் பணம் எதுவும் வேண்டாம் என்று எழுதினேன். எழுதி முடித்தபோது ரொம்ப நியாயமாகத் தோன்றியது. பணமே கட்டாத சீட். அதை வைத்துக்கொள்வதில் யாருக்கு என்ன கஷ்டம்? ஏன் இத்தனை நாள் இது தோன்றாமல் போனது என்றுகூட நினைத்தேன்.

டிராவல்ஸ்காரர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும்.

"ஆகல்லா அக்கா, முடியாது. அந்த சீட்டுன்னு தனியா ஒண்ணும் இல்ல. பதினைஞ்சு பேரு தோள் மேல வெச்சிருந்தாங்க. அவங்க எறங்கிட்டா நீங்க எங்க உக்காருவீங்க?"

"அப்ப நான் காசு கட்டிடறேன். மெஷினை வித்தாவது கட்டிடறேன்."

"எந்த ஃப்ளைட்டுக்கு அக்கா? ஃப்ளைட்டே இல்லியே."

நான் அதை மறந்தே போயிருந்தேன். மனு எழுதின நேரம் முழுக்க என் மனசில் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன.

அவர் இன்னொரு தாளை நீட்டினார். ரத்துக் கடிதம். ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார். டீச்சரின் பணத்தை மட்டும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு பிறகு எப்போதாவது அனுப்பி வைப்பதாகச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். சானிடைசர் ஈரம் கையில் இருந்ததால் பேனா வழுக்கி என் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே போனது. தப்பாகிவிட்டதே, செல்லாமல் போய்விடுமோ என்றேன். "செல்லும் அக்கா," என்றார். செல்லாமல் போனால் நன்றாக இருக்குமே என்றுதான் நான் கேட்டேன்.

பணம் வர ஆரம்பித்ததும் எல்லோரும் எனக்குப் போன் செய்தார்கள். "வந்துடுச்சும்மா, நல்லா இரு." தொம்மலூர் அம்மா இரண்டு ஜாக்கெட் துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், அவசரமில்லை என்று. என் போனுக்கும் ஒரு மெசேஜ் வந்தது. கம்ப்யூட்டர் எல்லோருக்கும் அனுப்பியதைப் போல எனக்கும் அனுப்பியிருந்தது. வீட்டுக்காரர் படித்தார். என் கேன்சலேஷன் முடிந்தது, எனக்குத் திருப்பித் தரப்படும் தொகை சைபர்.

"சைபர் வந்திருக்குது. பத்திரமா வெச்சிக்க, மொத்தமா செலவு பண்ணிடாத," என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். அவர் எங்கள் கல்யாணமான நாளிலிருந்து பாத்திரம் கழுவினதில்லை.

தங்கச்சிதான் எனக்குத் தைரியம் சொன்னாள். "ப்ளேனு எங்க ஓடிடப் போவுது? கடைவீதி எங்க ஓடிடப் போவுது? வருஷம் போனா போவுது. நீ பயப்படாதக்கா." சுடிதாருக்கு அளவு சொல்லு என்றேன். டேப் தொலைந்துவிட்டது என்றாள். பிறகு கேமரா வேலை செய்யவில்லை என்றாள். அந்த இரண்டையும் கேட்ட ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. வீட்டுக்காரர் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

அடுத்த வருஷத்தின் தொடக்கத்தில் அந்த மேடம் எனக்கு நேராகப் போன் செய்தார். தமிழ்க்காரர்தான். வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். வயிற்றில் கட்டி, ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, ஈரல்வரைக்கும் போய்விட்டது. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலைங்க. சொன்னா ஊருக்கு அனுப்பிச்சிடுவோம்னு பயந்திருக்கா," என்று அவர் அழுதார். எங்கள் குடும்பத்தில் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் போனைக் கொடுத்தார்கள். "அக்கா, கடல அங்கயே இருக்குதா, நீ தின்னுட்டியா?" என்றாள். இருக்கிறது என்று பொய் சொன்னேன். அதற்கப்புறம் அவள் பேசியது எனக்குப் புரியவில்லை.

விமானம் ஒழுங்காக ஓடாத காலம். உடம்பை அனுப்ப எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கேயே எரித்தார்கள். போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, நானும் வீட்டுக்காரரும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே நின்றோம். நடுவில் படம் நின்றுபோய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்ப வந்தபோது கதவை மூடிவிட்டிருந்தார்கள்.

வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு பெண்ணிடம் அவள் பெட்டியை மேடம் கொடுத்தனுப்பினார். நான் தைத்த சுடிதார்கள் எல்லாம் மடித்தபடி இருந்தன. ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பினேன். என் மெஷின் தையலுக்கு உள்ளே கைத்தையல் ஒரு வரிசை. அதற்கும் உள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே இன்னொன்று. நூல் ஒவ்வொன்றும் வேறு வேறு நிறம், கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறாள். கடைசி வரிசை ரொம்ப நேராக இருந்தது. சின்ன வயசில் எத்தனை சொல்லிக் கொடுத்தும் அவளுக்கு நேராகத் தைக்க வந்ததில்லை.

பிறகு எல்லாம் திறந்துவிட்டது. டிராவல்ஸ்காரர் ஒருநாள் சந்துக்கே வந்தார். "அக்கா, ஜனங்க எல்லாம் கேக்கிறாங்க. மறுபடி குரூப் போடலாமா? உங்க சீட்…" என்று ஆரம்பித்தவர், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

டீச்சர் மட்டும் வேறு ஏதோ ஒரு குரூப்போடு போய்வந்தார். வரவு வைத்த பணம் வீணாகக் கூடாது அல்லவா. அதே ஊர், அதே தாள், அதே ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒரு சாக்லேட் பெட்டியும், தனக்குத் தைக்க ஒரு துணியும் கொண்டுவந்தார். பறவைகளைப் பற்றிச் சொன்னார். கேபிள் காரில் ஒரு குஜராத்திப் பாட்டி சாமி கும்பிட்டதைச் சொல்லிச் சிரித்தார். நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கடைவீதிக்கு ரெண்டு மணி நேரம் விட்டிருப்பாங்களே டீச்சர், அங்க போனீங்களா?"

"எங்கம்மா போறது, கால் கடுப்பு. எல்லாரும் எறங்கிப் போனாங்க, நான் பஸ்லயே உக்காந்துட்டேன். ஏசி இருந்துச்சு."

"ஜன்னல் பக்கமா?"

"ஜன்னல்தான். ஏன் கேக்கற?"

"சும்மாதான். என்ன தெரிஞ்சிது?"

"என்ன தெரியும், ஒரே ஜனம். ஞாயித்துக்கிழம இல்லையா, வீட்டு வேலை செய்யற நம்ம ஊருப் பொண்ணுங்க நல்லா உடுத்திக்கிட்டு வந்து அங்கங்க நிக்குதுங்க. ஒரு பொண்ணு பஸ் பஸ்ஸா எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. யாருக்கோ காத்திருந்துச்சு போல."

நான் டீச்சரின் தோளில் டேப்பை வைத்தேன். எண் கண்ணில் தெரியவில்லை. எடுத்துவிட்டு, திரும்பவும் வைத்தேன்.